குழந்தைக் காப்பகத்துக்கு ஆசிரியையைத் தேர்ந்தெடுப்பது எப்படி?

கறவை மாடு ஒன்று வாங்க வேண்டுமானால் நம்மவர் பொள்ளாச்சிச் சந்தைக்கு இரண்டு வாரம் நடையாய் நடப்பர். பல்லைப் பார்ப்பர், சுழி பார்ப்பர், மடியைத் தடவிப் பார்ப்பர், தரகன் சொல்லை மட்டும் நம்பாது, விற்பவரின் அண்டை வீட்டாரிடமும் ஒரு வார்த்தை கேட்டு வருவர். அதே மனிதர், தம் இரண்டு வயதுப் பிள்ளையைக் காலை எட்டு மணி முதல் மாலை ஐந்து மணி வரை முன்பின் அறியாத ஒருவர் கையில் ஒப்படைக்கும்போது கேட்பது பெரும்பாலும் ஒரே ஒரு கேள்விதான்: "மாதம் எவ்வளவு கட்டவேண்டும்?"

சொந்த ஊரில் இருப்பவர்க்கு இக்கவலை அவ்வளவாக இல்லை. பாட்டி இருப்பார், அத்தை இருப்பார், அவர்கள் இல்லாவிடினும் எதிர்வீட்டுப் பெரியம்மா திண்ணையில் அமர்ந்தபடி ஒரு கண் வைத்துக்கொள்வார். பிழைப்பை நாடிப் பாலக்காட்டுக்கும், கஞ்சிக்கோட்டுத் தொழிற்சாலைகளுக்கும், நெல்லியாம்பதி, மூணாறு, பீர்மேட்டு மலைத்தோட்டங்களுக்கும் வந்து குடியேறிய நம் குடும்பங்களிற் பலவற்றுக்கோ இவர்களுள் ஒருவரும் அருகில் இல்லை. கணவன் மனைவி இருவரும் வேலைக்குச் சென்றால்தான் அடுப்பு எரியும். ஆகவே குழந்தைக் காப்பகம் என்பது நமக்கு நாகரிக ஆடம்பரம் அன்று. அரிசி, உப்பு போன்ற தேவை.

நம் சங்கத்து அன்பர்கள் இரண்டு இடங்களில் காப்பகம் தொடங்கும் முயற்சியில் இறங்கியுள்ளனர். மகிழ்ச்சிக்குரிய செய்தி. கட்டடத்துக்கு வாடகை பேசுகின்றனர். பாய், தலையணை, தொட்டில் கணக்கிடுகின்றனர். பெயர்ப்பலகையில் என்ன எழுதுவது என்று விவாதிக்கின்றனர். ஆசிரியையைப் பற்றிக் கேட்டால், "அதற்கென்ன, யாராவது ஒரு பெண்ணைப் போட்டுக்கொள்ளலாம்" என்கின்றனர். இந்த ஒரு வாக்கியமே இக்கட்டுரையை எழுதத் தூண்டியது. யான் கல்வி நிபுணன் அல்லேன். மெட்ரிகுலேஷனோடு படிப்பை நிறுத்திப் புகைவண்டி நிலையத்தில் எழுத்தராக அமர்ந்தவன். ஆயினும் எங்கள் குடியிருப்பில் பதினாறு குடும்பங்கள் கூடிக் காப்பகம் தொடங்கியபோது, ஆசிரியையைத் தேர்ந்தெடுத்த மூவருள் ஒருவனாக இருந்த அனுபவம் உண்டு. அப்போது கண்டவற்றையும், தேடிப் படித்தவற்றையும் நேயர்கள் முன் வைக்கின்றேன்.

முதலில் மலைத்தோட்டங்களின் கதையைப் பார்ப்போம். நம் தாய்மார் பெருந்திரளாகக் குழந்தைகளைப் பிறர் கையில் விட்டுவிட்டு வேலைக்குப் போனது அங்கேதான். இடுக்கி மாவட்டத்தில் இன்று ஓரடிப் புகைவண்டிப் பாதைகூட இல்லை. மூணாற்றிலிருந்து டாப் ஸ்டேஷன் வரை ஓடிய குண்டளைப் பள்ளத்தாக்கு இரயில் 1924ஆம் ஆண்டுப் பெருவெள்ளத்தில் அழிந்தது. இரயில் போய்விட்டது, அது ஏற்றிச் சென்ற தேயிலையைப் பறித்த கைகளின் வழித்தோன்றல்கள் இன்னும் லயங்களில் இருக்கின்றனர். என் மூத்த சகோதரியும் அவர்களுள் ஒருவர் வீட்டில் வாழ்க்கைப்பட்டவர். காலையில் கொழுந்துக்கூடை முதுகில் ஏறுமுன் குழந்தை இடுப்பிலிருந்து இறங்கவேண்டும்.

1951ஆம் ஆண்டுத் தோட்டத் தொழிலாளர் சட்டம் இதற்கு வழி செய்தது. 50 அல்லது அதற்கு மேற்பட்ட பெண்கள் வேலை செய்யும் தோட்டத்தில், அவர்களின் ஆறு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு வெளிச்சமும் காற்றும் உள்ள, தூய்மையான அறைகளை முதலாளி அமைத்துத் தரவேண்டும் என்றது. அத்தோடு நிற்கவில்லை. அந்த அறைகள், குழந்தை வளர்ப்பில் பயிற்சி பெற்ற ஒரு பெண்ணின் பொறுப்பில் இருக்கவேண்டும் என்றும் கூறியது. பின்னாளில், 2020ஆம் ஆண்டில் நிறைவேறிய தொழிற்பாதுகாப்புச் சட்டத்தொகுப்பில் அச்சட்டம் சேர்க்கப்பட்டது. அங்கும் தோட்டக் காப்பகங்களுக்கு இடமுண்டு.

சட்டம் 'பயிற்சி பெற்ற பெண்' என்றது. நடைமுறையிலோ பல தோட்டங்களில், முதுகு வலித்துக் கூடை சுமக்க முடியாமற்போன மூத்த தொழிலாளியை 'இலேசான வேலை' என்று சொல்லிக் காப்பகத்தில் உட்கார வைத்தனர். அந்த ஆயாக்களை யான் குறைவாகப் பேசமாட்டேன். அவர்களுக்குக் குழந்தையின் மொழி தெரியும்; தாலாட்டுத் தெரியும்; எந்தக் குழந்தையின் தகப்பன் குடிப்பான், எந்தத் தாய்க்குச் சளிக்காய்ச்சல் என்பதுகூடத் தெரியும். ஆனால் குழந்தைகளைக் காவல் காப்பது இலேசான வேலை என்ற எண்ணம் இருக்கிறதே, அதுதான் தவறு. கொழுந்து பறிக்க இயலாத உடம்பு, ஓடும் பன்னிரண்டு குழந்தைகளின் பின்னால் ஓட இயலுமா? இலங்கையின் மலையகத்திலும் இதே கதைதான். அங்கே 'பிள்ளைக் காம்பரா' என்றே பெயர்; காம்பரா என்றால் அறை. பிள்ளைகளை அடைத்து வைக்கும் அறை. அது பிற்காலத்தில் 'சிறுவர் அபிவிருத்தி நிலையம்' என்று பெயர் மாறியது. பெயரோடு, பயிற்சி பெற்ற பொறுப்பாளரை நியமிக்கும் முறையும் வந்தது.

பயிற்சி பெரிதா, குழந்தையோடு ஒட்டும் பழக்கம் பெரிதா? இக்கேள்வி நமக்குமுன் பலரை ஆட்டிவைத்த கேள்வியாகும். 1907ஆம் ஆண்டு ஜனவரி 6ஆம் நாள் உரோமாபுரியில் ஏழைத் தொழிலாளர் குடியிருப்பொன்றில் மரியா மாண்டிசோரி அம்மையார் தம் முதற் குழந்தைகள் இல்லத்தைத் தொடங்கினார். பெற்றோர் வேலைக்குச் சென்றபின் மாடிப்படிகளில் ஓடி, சுவரைக் கிறுக்கிக்கொண்டிருந்த குழந்தைகள் அவர்கள். அங்கே முதற் பொறுப்பாளராக அமர்ந்தவர் பயிற்சிக் கல்லூரியில் தேறிய ஆசிரியை அல்லர். பள்ளிக்கூடத்துப் பழைய வழக்கங்கள் அவரிடம் இல்லாதிருந்ததே நன்மையாயிற்று என்பது அம்மையாரின் கருத்து. ஆனால் அம்மையார் வேறு இரண்டு நிபந்தனைகளை வைத்தார்: பொறுப்பாளர் அதே குடியிருப்பிலேயே வாழவேண்டும், தாய்மார் வாரம் ஒருமுறையேனும் அவரைக் கண்டு குழந்தையைப் பற்றிப் பேசவேண்டும். இந்த அம்மையார் நமக்கு அந்நியர் அல்லர். 1939இல் சென்னை அடையாற்றுக்கு வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சியளித்தார். உலகப்போர் மூண்டிருந்த காலத்தில் நம் மூணாற்று மலைக்குக் கிழக்கே அடுத்த மலையான கொடைக்கானலில் சில ஆண்டுகள் வாழ்ந்து, குழந்தைகளோடு பழகித் தம் முறையை வளர்த்தார்.

மகாராஷ்டிரத்தில் தாராபாய் மோடக் அம்மையார் 1945இல் போர்டி என்னும் ஊரில் கிராமக் குழந்தைகளுக்காகப் பணி தொடங்கினார். ஏழைக் குழந்தைகள் பள்ளிக்கு வரவில்லை. ஆகவே பள்ளியே அவர்கள் வீட்டு முற்றத்துக்குச் சென்றது. அங்கணம் என்றால் முற்றம். அங்கன்வாடி என்ற சொல் அங்கே பிறந்தது. (அதற்கு முன் வழங்கிய 'பால்வாடி' என்ற சொல்லைக் கேட்டு, பால் கொடுக்கும் இடம் என்று எண்ணியவர் நம்மவருள் உண்டு. பால் என்பது இந்தியில் குழந்தையைக் குறிக்கும். பாத்திரத்தோடு போனவர்கள் ஏமாந்திருப்பர்.) 1972இல் பள்ளிப் பருவத்துக்கு முந்திய குழந்தைகளைப் பற்றி ஆராய்ந்த குழுவுக்குத் தலைமை தாங்கி அறிக்கை தந்தவர் மீனா சுவாமிநாதன், தமிழ் நாவலாசிரியை கிருத்திகாவின் மகளாவார். அதன்பின் 1975ஆம் ஆண்டு அக்டோபர் 2ஆம் நாள் நாடெங்கும் 33 வட்டாரங்களில் ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டம் தொடங்கிற்று. கேரளத்தில் முதலில் இடம்பெற்றது மலப்புறம் மாவட்டத்து வேங்கரை. இன்று இம்மாநிலத்தில் 33,000க்கு மேற்பட்ட அங்கன்வாடிகள் உள்ளன. அங்கன்வாடிப் பணிக்கு மனுச் செய்பவர் அந்தந்தப் பகுதியில் குடியிருப்பவராக இருக்கவேண்டும் என்பது விதி. உரோமாபுரியில் மாண்டிசோரி வைத்த நிபந்தனையும் இதுவும் ஒன்றே.

இனி நம் காரியத்துக்கு வருவோம். மனுக்கள் வந்துவிட்டன, பேட்டிக்கு நாள் குறித்தாயிற்று. பேட்டி காண்பவர் யார்? எங்கள் குழுவில் காப்பகத்தில் சேரவிருந்த குழந்தையின் தாய் ஒருவர், ஓய்வுபெற்ற தொடக்கப்பள்ளி ஆசிரியை ஒருவர், கணக்கு எழுத யான். மூவரும் ஆண்களாக இருந்தால் அக்குழு உதவாது என்பது என் உறுதியான கருத்து. வந்த பெண்ணை உட்காரச் சொல்லுங்கள், தண்ணீர் கொடுங்கள், 'நீங்கள்' என்றே பேசுங்கள். நம் பிள்ளைக்கு மரியாதை கற்பிக்கப் போகிறவரை நாமே 'நீ, வா, போ' என்று பேசுவது என்ன வழக்கமோ தெரியவில்லை.

கேட்கக்கூடாதவை சில உண்டு. எந்தச் சாதி என்று கேட்கக்கூடாது. "சோறு ஊட்டப்போகிறவர் ஆயிற்றே" என்று ஒருவர் என் காதில் கிசுகிசுத்தார். அவர் உண்ணும் பிரியாணியைச் சமைத்தவர் யார் என்று அவர் விசாரித்ததாக எனக்கு நினைவில்லை. திருமணம் எப்போது, குழந்தை எப்போது என்று துருவுவதும் வேண்டாம்.

கேட்க வேண்டியவற்றுள் முதலாவது இது: "காலை எட்டரை மணிக்கு வந்த குழந்தை பத்து மணிவரை அழுகையை நிறுத்தவில்லை. நீங்கள் என்ன செய்வீர்கள்?" விடைகள் பலவிதமாக வந்தன. ஒருவர் மிட்டாய் கொடுப்பேன் என்றார். ஒருவர் கைப்பேசியில் படம் காட்டுவேன் என்றார். ஒருவர், அழுதால் தானே ஓய்ந்துவிடும் என்றார். அவர் பொய் சொல்லவில்லை, ஓய்ந்துதான் போகும், சோர்வினால். ஒரு பெண் மட்டும் எங்களைத் திருப்பிக் கேட்டார்: "அந்தக் குழந்தை சேர்ந்து எத்தனை நாளாயிற்று? அதன் அம்மா சொல்லிவிட்டுப் போனாரா, ஒளிந்து போனாரா?" தாய் ஒளிந்து போனால், மறுநாள் அக்குழந்தை ஒரு நிமிடங்கூடப் புடவைத் தலைப்பை விடாது. இதை அறிந்தவர் குழந்தையை அறிந்தவர்.

இரண்டாவது: "ஒரு குழந்தை இன்னொன்றைக் கடித்துவிட்டது." திருப்பிக் கடிக்கச் சொல்வேன் என்று சிரித்துக்கொண்டே சொன்னவரும் உண்டு. நம் வீடுகளில் அவ்வழக்கம் இருப்பதும் உண்மை. கடிபட்ட குழந்தையை முதலில் தூக்கி, காயத்தைக் கழுவி, பின்பு கடித்ததன் அருகே உட்கார்ந்து, பேசத் தெரியாமல்தான் பல்லைப் பயன்படுத்தியது என்று புரிந்துகொள்பவர் வேண்டும். மாலையில் இரு தாய்மாரிடமும் மறைக்காமற் சொல்லவும் வேண்டும்.

மூன்றாவது என் சொந்தக் கேள்வி: "மாலையில் தாய் வரவில்லை. தாத்தா என்று சொல்லிக்கொண்டு ஒருவர் வந்து குழந்தையைக் கேட்கிறார். குழந்தையும் அவரைப் பார்த்துச் சிரிக்கிறது. கொடுப்பீர்களா?" பெரும்பாலோர் கொடுத்துவிட்டனர். எங்கள் பார்சல் அலுவலகத்தில் இரசீது இல்லாமல் ஒரு வாழைக்குலையைக்கூட வெளியே விடமாட்டோம். யார் யார் அழைத்துச் செல்லலாம் என்று பெற்றோர் எழுதிக் கையொப்பமிட்ட பதிவேடு ஒன்று இருக்கவேண்டும். அதில் இல்லாதவர் தாத்தாவே ஆயினும், தாயிடம் தொலைபேசியில் கேட்டறிந்த பின்னரே விடவேண்டும்.

அடுத்தது மொழி. இதை நான் சற்று விரித்துக் கூறுவதற்கு நேயர்கள் பொறுத்தருள வேண்டும். எல்லைப்புறத்தில் வாழும் நமக்கு இதுவே உயிரான செய்தி. தமிழும் மலையாளமும் உடன்பிறந்தவை, அதனாலேயே ஏமாற்றுவன. நம் குழந்தை 'தூங்கணும்' என்றால் உறக்கம் வருகிறது என்று பொருள். மலையாளத்தில் தூங்குதல் என்றால் தொங்குதல். காப்பகத்தார் 'வெள்ளம் வேணோ' என்று கேட்பது குடிதண்ணீரை; நம் குழந்தைக்கு வெள்ளம் என்றால் ஆற்றில் வருவது. மலையாளக் குழந்தை 'முள்ளணும்' என்றால் சிறுநீர் கழிக்கவேண்டும் என்று பொருள். தமிழ் ஆயா முள் எங்கே குத்திற்று என்று காலைத் திருப்பிப் பார்ப்பார். பெரியவர்க்கு இது வேடிக்கை. இரண்டரை வயதுக் குழந்தைக்கு வேடிக்கையன்று. தாகம், வலி, பயம், அவசரம் ஆகிய நான்கையும் அது வீட்டு மொழியில்தான் சொல்லும். சொல்லிப் பார்த்து, ஒருவருக்கும் புரியவில்லை என்று கண்டால், சொல்வதையே நிறுத்திவிடும். பிறகு மாலையில் நனைந்த உடையோடு மூலையில் உட்கார்ந்திருக்கும். 'இந்தப் பிள்ளை ரொம்ப அமைதி' என்று நற்சான்றும் கிடைக்கும்.

மொழிச் சிறுபான்மைக் குழந்தைகளுக்குத் தொடக்கக் கல்வியைத் தாய்மொழியில் அளிக்க வசதி செய்ய வேண்டுமென்று 1956இல் அரசியலமைப்பில் 350அ என்னும் பிரிவு சேர்க்கப்பட்டது. 2020ஆம் ஆண்டுத் தேசியக் கல்விக் கொள்கையும் இளம்பருவத்தில் வீட்டு மொழியை வலியுறுத்துகிறது. தொடக்கப்பள்ளிக்கே இது வேண்டுமென்றால், பள்ளிக்கு முந்திய குழந்தைக்கு எவ்வளவு வேண்டும்!

ஆனால் இதைச் சொல்லும்போதே இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். 'தமிழ்ப் பெண்ணையே போடுங்கள்' என்பது என் வாதம் அன்று. இன்று மூணாற்றுத் தோட்டங்களிலும் இடுக்கி ஏலக்காடுகளிலும் ஜார்க்கண்டு, அசாம் முதலிய மாநிலங்களிலிருந்து தொழிலாளர் குடும்பங்கள் வந்து குடியேறியுள்ளன. அவர்களின் குழந்தைகள் முன் நம் தமிழ் ஆயாக்களே புரியாத மொழி பேசுபவர்களாய் நிற்கின்றனர். நம் குழந்தைக்கு நாம் கேட்பதை அக்குழந்தைக்கும் கேட்கவேண்டும் அன்றோ? ஆகவே எங்கள் பேட்டியில் ஒரு தாளில் குழந்தைகள் சொல்லும் இருபது சொற்களை எழுதிவைத்துக் கேட்டோம்: வயிறு வலிக்குது, பயமா இருக்கு, ஒண்ணுக்கு வருது, அம்மா எப்ப வரும் என்பன போன்றவை. தெரியாதவரை ஒதுக்கவில்லை. "ஒரு வாரத்தில் கற்றுக்கொள்வீர்களா?" என்று கேட்டோம். பாலக்காட்டு மலையாளப் பெண் ஒருவர் அந்தத் தாளைத் தமக்குத் தரும்படி கேட்டு, மலையாள எழுத்தில் படியெடுத்துக்கொண்டார். குழந்தையின் முன் குனிந்து கேட்கும் அத்தகைய மலையாளப் பெண்ணை, நிமிர்ந்து நின்று அதட்டும் தமிழ்ப் புலவரைக் காட்டிலும் யான் மேலாக மதிப்பேன்.

பேட்டி இத்துடன் முடிந்ததாகக் கொள்ளாதீர்கள். மேசைக்கு அப்பால் இருந்துகொண்டு ஒருவர் குழந்தையோடு எப்படிப் பழகுவார் என்று அறிவது, கரையில் நின்று நீந்தக் கற்பது போலாகும். தேறிய இருவர் மூவரை ஒவ்வொருவராக ஒரு முழுக் காலைப்பொழுது குழந்தைகளோடு இருக்கச் செய்யுங்கள். எங்களுக்கு அப்போது காப்பகம் தொடங்கவில்லை. குடியிருப்பின் பொதுக்கூடத்தில் ஒன்பது குழந்தைகளைத் தாய்மாருடன் கூட்டினோம். அந்த அரைநாளுக்கு வந்தவர்க்குக் கூலி கொடுத்துவிடவேண்டும். வேலை வாங்கிவிட்டு 'சோதனை' என்று பெயர் சூட்டுவது அழகன்று.

அன்று கண்ட ஒன்றைச் சொல்கிறேன். பட்டம் பெற்ற ஒருவர் வந்திருந்தார். மேசையில் எல்லாக் கேள்விகளுக்கும் தெளிவாக விடையளித்தவர். கூடத்தில் பாட்டும் கைதட்டலுமாகக் குழந்தைகளைக் கவர்ந்துவிட்டார், எங்களையும் கவர்ந்தார். கஞ்சி வந்தது. பாத்திரத்தைக் கொண்டுவந்தவர் தாழ்ந்த பலகையின் ஓரத்தில் வைத்துவிட்டுப் போனார். பாட்டு நடந்துகொண்டே இருந்தது. ஆவி பறக்கும் பாத்திரமும் அங்கேயே இருந்தது. குழந்தையின் தாயான எங்கள் உறுப்பினரே எழுந்து அதை நகர்த்தினார். மறுநாள் வந்தவர் மேசையில் ஒற்றைச் சொல்லில் விடை சொன்னவர், எஸ்.எஸ்.எல்.சி. தேறி, முன்பருவக் கல்விப் பயிற்சி ஓராண்டு பெற்றவர். கூடத்துக்குள் நுழைந்ததும் அவர் குழந்தைகளைப் பார்க்கவில்லை, அறையைப் பார்த்தார். கதவுத் தாழ்ப்பாள் எந்த உயரத்தில் உள்ளது, மின்பொத்தான் எங்கே, தண்ணீர்த் தொட்டிக்கு மூடி உண்டா என்று பார்த்தார். கஞ்சிப் பாத்திரம் வந்த கையோடு சுவரோரம் போய்விட்டது. பிறகுதான் தரையில் அமர்ந்தார். முதலில் மூன்று குழந்தைகள் அருகே வந்தன. அரைமணி கழித்து ஏழு.

அவரையே எடுத்தோம். எனினும் எங்கள் குழுவில் இருந்த ஓய்வுபெற்ற ஆசிரியை ஓர் ஐயத்தை எழுப்பினார்: "இவர் பேச்சுக் குறைவு. குழந்தை பேசக் கற்பது பிறர் பேசக் கேட்டல்லவா?" அவர் கூறியதில் உண்மை உண்டு. முதல் மூன்றாண்டுகளில் குழந்தையோடு பேசப் பேசத்தான் மொழி வளரும். வெறுங் காவல் போதாது. இதை அப்பெண்ணிடமே கூறினோம். "பெரியவர்களிடம்தான் பேச வராது" என்றார். அது மெய்யா என்று அறிய ஆறு மாதம் தகுதிகாண் பருவமாக வைத்து, எழுத்தில் கொடுத்தோம்.

கூடத்தில் கவனிக்கவேண்டியவை சிறு சிறு செய்கைகளே. குழந்தையைத் தூக்குமுன் அதன் முகத்தைப் பார்க்கிறாரா? உணவு ஊட்டுமுன் கை கழுவுகிறாரா, கழிப்பறைக்கு அழைத்துச் சென்று வந்தபின் கழுவுகிறாரா? அடக்கமான குழந்தையையும் ஒருமுறையேனும் பெயர் சொல்லி அழைக்கிறாரா? கைப்பேசி கையில் உள்ளதா, பையில் உள்ளதா? வெள்ளையான குழந்தையை மட்டும் கொஞ்சுகிறாரா? கடைசிக் கேள்வி சிலருக்குக் கசக்கும். ஆயினும் இருக்கட்டும்.

தேர்ந்தபின் விசாரணை. முன்பு வேலை செய்த இடத்துக்கு நேரில் சென்று கேளுங்கள்; நற்சான்றிதழில் எல்லாரும் நல்லவரே. காவல்துறையின் நன்னடத்தைச் சான்றிதழைக் கேட்டு வாங்குங்கள். ஆசிரியைக்கு மட்டுமன்று, சமையல் செய்பவர், வண்டி ஓட்டுபவர் அனைவருக்கும். இது அவமதிப்பு அன்று என்பதை முன்கூட்டியே பணிவாகச் சொல்லிவிடுங்கள். குழந்தைகளைப் பாலியல் கொடுமையிலிருந்து காக்கும் 2012ஆம் ஆண்டுச் சட்டப்படி, குற்றம் நடந்ததை அறிந்தவர் காவல்துறைக்குத் தெரிவித்தே ஆகவேண்டும். காப்பகத்தின் பெயர் கெடும் என்று மறைக்கும் பொறுப்பாளருக்குத் தண்டனை உண்டு. 2015ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டப்படி, தம் பொறுப்பிலுள்ள குழந்தையைக் கொடுமைப்படுத்தும் காப்பகப் பணியாளருக்கு ஐந்தாண்டுவரை கடுங்காவல் விதிக்கலாம். அடித்து வளர்ப்பதே முறை என்று எண்ணும் பெற்றோரும் நம்மிடையே இருப்பதால், 'அடிக்கக்கூடாது' என்பதை நியமனக் கடிதத்திலேயே எழுதிவிடுவது நலம். பெற்றோரே அனுமதித்தாலும் கூடாது என்று சேர்த்து எழுதுங்கள்.

எத்தனை பேர் வேண்டும்? தாய்மை நலச் சட்டம் 2017இல் திருத்தப்பட்டு, 50 அல்லது அதற்கு மேற்பட்டோர் வேலை செய்யும் நிறுவனங்களில் காப்பகம் கட்டாயமாக்கப்பட்டது. தாய் நாள்தோறும் நான்கு முறை சென்று குழந்தையைப் பார்க்கலாம் என்றும் அதில் உண்டு. அதற்கென வகுத்த நெறிமுறைகளில், மூன்று வயதுக்குட்பட்ட குழந்தைகள் பத்துப் பேருக்கு ஒருவர், அதற்கு மேற்பட்டோர் இருபது பேருக்கு ஒருவர் என்ற அளவு கூறப்பட்டுள்ளது. இதனையே நாமும் கொள்ளலாம். ஒரே ஒருவரை வைத்துக் காப்பகம் நடத்துவது எவ்வளவு சிறிய கூட்டமாயினும் ஆகாது. ஒரு குழந்தைக்கு வலிப்பு வந்து அதைத் தூக்கிக்கொண்டு அவர் ஓடினால், மற்றவற்றை யார் பார்ப்பது?

இன்னொன்று. இரயில்வேயில் 'லீவ் ரிசர்வ்' என்றொரு ஏற்பாடு உண்டு. நிலைய அதிபர் விடுப்பில் சென்றால் வண்டி நிற்பதில்லை. அவர் இடத்தில் அமர வேறொருவர் ஏற்கெனவே பட்டியலில் இருப்பார். காப்பகங்களில் இது இல்லை. ஆசிரியைக்குக் காய்ச்சல் என்றால் கதவில் பூட்டு. பதினாறு தாய்மாருக்கு அன்றைய கூலி போயிற்று. ஆகவே பேட்டியில் இரண்டாவதாகத் தேறியவரைத் திருப்பி அனுப்பிவிடாதீர்கள். அவர் பெயரையும் பட்டியலில் எழுதி, மாதம் இரண்டு நாளாவது கூலி கொடுத்து வரவழையுங்கள். குழந்தைகளுக்கும் அவர் முகம் பழகும். மேலே சொன்ன பட்டதாரிப் பெண்ணை நாங்கள் இவ்வாறே கேட்டோம், ஒப்புக்கொண்டார். இப்போது வெள்ளிக்கிழமைகளில் அவர் பாட்டுத்தான்.

சம்பளத்தைப் பற்றிச் சொன்னால் சண்டைக்கு வருவீர்கள். வரலாம். பதினாறு வீட்டில் வீட்டுக்கு நூறு ரூபாய் கூடுதலாகக் கேட்டபோது எங்களிடமும் சண்டை நடந்தது. அங்கன்வாடிப் பணியாளரை நெடுங்காலம் 'தொண்டு செய்பவர்' என்றே வகைப்படுத்தி, சம்பளம் என்று சொல்லாமல் மதிப்பூதியம் என்று கொடுத்து வந்தனர். அவர்களுக்கும் பணிக்கொடை உண்டு என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது 2022ஆம் ஆண்டு ஏப்ரலில்தான். குறைந்த ஊதியத்துக்கு வந்தவர் ஐந்நூறு ரூபாய் கூடக் கிடைக்கும் இடத்துக்குப் போய்விடுவார். அவரைக் குறை சொல்ல இயலாது. ஆனால் ஆண்டுக்கு மூன்று ஆசிரியைகள் மாறினால், குழந்தை மூன்று முறை ஒரு தாயை இழக்கிறது. மாதம் முதல் தேதி சம்பளம், வாரம் ஒருநாள் ஓய்வு, மாதம் ஒருநாள் சம்பளத்தோடு விடுப்பு, குடிக்க ஒரு வேளைத் தேநீர் என்று எழுதிக் கையொப்பமிட்டுக் கொடுங்கள்.

சொந்தமாகக் காப்பகம் நடத்த வசதியில்லாத லயத்துக் குடும்பங்களும், சித்தூர்ப் பக்கத்துச் சிற்றூர்களில் உள்ளவர்களும் அருகிலுள்ள அங்கன்வாடியையே நம்பியிருக்கின்றனர். அங்கே தமிழறிந்த பணியாளர் வேண்டும் என்று நாம் குறைப்படுகிறோம். நம் பெண்கள் மனுச் செய்கிறார்களா? காலியிடம் வரும்போது பஞ்சாயத்து அலுவலகத்திலும் குழந்தை வளர்ச்சித் திட்ட அலுவலகத்திலும் அறிவிப்பு ஒட்டப்படும்; பெரும்பாலும் மலையாளத்தில் இருக்கும்; கடைசித் தேதி விரைவில் வந்துவிடும். வயது வரம்பு, படிப்பு ஆகியவற்றை அவ்வப்போதைய அறிவிப்பைப் பார்த்தே தெரிந்துகொள்ள வேண்டும். மூன்று தலைமுறையாக இங்கேயே வாழும் குடும்பத்துப் பெண்கூட, குடியிருப்புச் சான்றும் ரேஷன் அட்டையும் ஒழுங்காக இல்லாமையால் வாய்ப்பை இழந்துவிடக்கூடும். எஸ்.எஸ்.எல்.சி., பிளஸ் டூ தேறி வீட்டிலிருக்கும் பெண்கள் இச்சான்றுகளை இப்போதே எடுத்து வைத்துக்கொள்ளட்டும். மனுப் படிவத்தை மலையாளத்தில் நிரப்ப உதவி வேண்டுவோர், ஞாயிற்றுக்கிழமை மாலை ஐந்து மணிக்குமேல் நம் சங்க அறைக்கு வரலாம். வேலை முறை மாறாத வாரங்களில் யான் அங்கே இருப்பேன். வரும்போது பள்ளிச் சான்றிதழின் நகல் இரண்டு எடுத்து வாருங்கள்.